மரத்தடியில் நிற்கச் சொன்னவர்களுக்கு

தமிழ்ச் சங்கத் தலைவருக்கும் பயணக் குழுவினருக்கும்,

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கான வாஷிங்டன் ஒருநாள் பயணம் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மறுபடியும் நடக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். "மழையோ வெயிலோ, பயணம் உறுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. கூடவே ஒரு படிவமும் வந்திருக்கிறது: வழியில் பெற்றோருக்கு என்ன நேர்ந்தாலும் சங்கமோ நிர்வாகிகளோ பொறுப்பில்லை என்று பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நிகழ்ச்சி நிரல் ஜூலையில் இருந்த அதே நிரல். நேரம்கூட மாறவில்லை.

ஜூலைப் பயணத்தில் நான் இருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அன்று லிங்கன் நினைவகத்துக்கு எதிரே இடிமழையில் என்ன நடந்தது என்பது பேருந்தில் வந்த எல்லோருக்கும் தெரியும். அதை வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது, "இயற்கையை யாரால் தடுக்க முடியும்?" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுநாள் காலையிலேயே குழுவில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையோ யாருடைய பெயரையோ இதில் எழுதவில்லை. ஊர் சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அந்தப் படிவமும் அந்த நிரலும் மாற வேண்டும், அவ்வளவுதான்.

பயணத்துக்கு வராத உறுப்பினர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விடியுமுன் கிளம்பி, பத்து மணிவாக்கில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள். முழங்கால் வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலை வேளை முழுவதும் விண்வெளி அருங்காட்சியகத்துக்குள் போனது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே அப்போது இதமான வெயில்தான். பிறகு புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். அதற்குள் காற்று நின்று புழுக்கம் கூடிவிட்டது.

ஒரு மணிக்குக் கொஞ்சம் பின்னால் ஓட்டுநர் உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் வந்து, கடும் இடிமழை வரக்கூடும் என்று இரவு வரைக்கும் முன்னறிவிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் போனிலும் அது இருந்தது, எடுத்துக் காட்டினேன். "கோடைக்காலத்துல இங்க தினமும் இப்படித்தான் போடுவாங்க, ஒண்ணும் வராது" என்றார் ஒருங்கிணைப்பாளர். பாதி உண்மைதான். அப்படி அறிவித்துவிட்டு ஒரு துளிகூட விழாத நாட்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் அந்த முன்னறிவிப்பு வந்தால் உடனே ஓட வேண்டியதில்லை, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று யோசித்து வைத்துக்கொண்டால் போதும். அதற்குத்தான் அதைப் போடுகிறார்கள். யாரும் யோசிக்கவில்லை. நிரலில் அடுத்து வெள்ளை மாளிகை என்று இருந்தது, போனோம். அதற்கடுத்து லிங்கன் நினைவகம் என்று இருந்தது, போனோம்.

லிங்கன் நினைவகத்தின் இருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கிழக்கே பார்த்த கட்டடம். அதன் படிகளுக்குக் கீழே நின்றால் எதிரே நீண்ட நீர்த்தடாகமும், அதற்கப்பால் வாஷிங்டன் நினைவுத்தூணும், இன்னும் தள்ளி நாடாளுமன்றமான கேப்பிடலின் கோபுரமும் ஒரே கோட்டில் தெரியும். எல்லோரும் படம் எடுப்பது அந்தப் பக்கம்தான். ஆனால் இந்த ஊருக்குக் கோடை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. ப்ளூ ரிட்ஜ் மலைப்பக்கம் மதியத்தில் திரண்டு, பொடோமாக் ஆற்றைத் தாண்டி நகருக்குள் நுழையும். மேற்கு வானத்தை அந்த வெள்ளைக் கட்டடமே மறைத்துக்கொண்டு நிற்கிறது. எதிரே நீல வானம், முதுகுக்குப் பின்னால் கரும் மேகம். கீழே நிற்பவர்களுக்கு அது தலைக்கு மேல் வரும்வரை தெரியாது.

ஆனால் இடி கேட்டது. சங்கத்தின் பதாகையை விரித்து எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தபோது முதல் இடி கேட்டது. "தூரத்துலதான் இடிக்குது, ஒரே ஒரு போட்டோ" என்றார்கள். முன் வரிசைக்கு நாற்காலி இல்லாததால் சிலரைப் படியில் உட்கார வைத்தார்கள். பதாகை காற்றில் மடங்கியது, மறுபடி விரித்தார்கள். உங்கள் முகநூல் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கும் அந்தப் படத்தில் பலரும் சிரிக்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நினைவகத்துக்குப் பக்கத்தில் பேருந்துகளை நெடுநேரம் நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் நம் பேருந்து எங்களை இறக்கிவிட்டு வேறு எங்கோ போயிருந்தது. படம் எடுத்து முடிந்ததும் ஒரு கூட்டம் வியட்நாம் போர் நினைவுச் சுவர் பக்கம் போனது, இன்னொரு கூட்டம் கொரியப் போர் நினைவிடத்துக்கு. நானும் என் பெற்றோரும் கொரியப் பக்கம் இருந்தோம். மழை கொட்டத் தொடங்கியது அங்கேதான். அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆளைவிட உயரமான 19 எஃகுச் சிப்பாய்கள், எல்லோருமே மழை அங்கி போர்த்திக்கொண்டு ரோந்து போவதுபோல் செய்து வைத்திருக்கிறார்கள். சிலைகளுக்கு மழை அங்கி இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு குடைகூட இல்லை. ஏனென்றால் பயண அறிவிப்பில் "தொப்பி, தண்ணீர் பாட்டில்" என்று மட்டும்தான் எழுதியிருந்தீர்கள். இடிமழையில் குடையைத் தூக்கிப் பிடிப்பது நல்லதில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் அந்தக் குரல்செய்தி வந்தது. "எல்லாரும் பக்கத்துல இருக்கற மரத்தடியில நில்லுங்க, பஸ் வந்துக்கிட்டு இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2022 ஆகஸ்ட் 4ஆம் தேதி மாலை, வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லாஃபயெட் சதுக்கத்தில் மின்னல் விழுந்தது. மழைக்கு ஒரு மரத்தின் அருகே இருந்த நான்கு பேர் அடிபட்டார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் இருவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்த வயதான தம்பதி. நகருக்குக் கடும் இடிமழை எச்சரிக்கை அமலில் இருந்த நேரம் அது. நாடெங்கும் செய்தியில் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூலைப் பயணத்தன்று வெள்ளை மாளிகையைப் படம் எடுக்க நம் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது அதே சதுக்கத்தில்தான். அங்கிருந்து கிளம்பி, லிங்கன் நினைவகத்துக்கு வந்து, அவர்களை மரத்தடியில் நிற்கச் சொன்னீர்கள்.

இந்த நாட்டு வானிலைத் துறை பல வருடங்களாகச் சொல்லிவருவது குழந்தைகளுக்கும் புரியும்: இடி காதில் விழுந்தால் உள்ளே போய்விட வேண்டும். மழை மேகத்திலிருந்து பத்து மைல் தள்ளிக்கூட மின்னல் விழும், ஆகவே இடி கேட்கும் தூரத்தில் இருந்தாலே ஆபத்துக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். தனி மரம், திறந்த கொட்டகை, கூடாரம் எதுவும் பாதுகாப்பு இல்லை. நான்கு சுவரும் மூடிய கட்டடம், அது இல்லாவிட்டால் உலோகக் கூரை போட்ட கார் அல்லது பேருந்து. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். இதில் தெரிந்துகொள்ள முடியாத ரகசியம் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சியாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இடி கேட்டதும் விசில் ஊதி எல்லோரையும் காருக்குள் அனுப்பிவிடுகிறார்கள். பத்து வயதுப் பையனுக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் எழுபது வயது தாத்தாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குரல்செய்தியேகூடப் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. பெற்றோர்களின் போனில் இருப்பது ஊர் சிம். வீட்டில் வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் வரும், வெளியே வந்தால் அது வெறும் கேமராதான். நெருக்கடி எச்சரிக்கை வந்தாலும் ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோதான் வரும். அதிலும் எல்லா இடிமழை எச்சரிக்கைக்கும் போன் தானாக அலறாது. மணிக்கு 80 மைல் காற்று அல்லது பேஸ்பால் அளவு ஆலங்கட்டி என்று இருந்தால்தான் அலறும். மின்னலுக்கு என்று தனியாக ஒரு அலறல் கிடையாது. ஆக, வானம் என்ன செய்யப்போகிறது என்று அந்தப் பெரியவர்கள் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி நீங்கள்தான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூங்கா ஊழியர் ஒருவர் மரங்களை விட்டு வெளியே வரும்படி கத்திக்கொண்டே ஓடி வந்தார். நம்மவர்கள் பலருக்கு அவர் சொன்னது புரியவில்லை, ஏதோ திட்டுகிறார் என்று நினைத்து இன்னும் ஒட்டி நின்றார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிவந்தோம். போக வேறு இடம் இல்லாததால் எல்லோரும் நினைவகத்துப் படிகளில் ஏறினோம். முன்பக்கம் திறந்த மண்டபம், முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஆனாலும் மரத்துக்கு அது மேல். நனைந்த கல், செருப்புப் போட்ட கால்கள், பின்னாலிருந்து தள்ளும் கூட்டம். ஒரு மாமி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு அப்போதே வீங்கத் தொடங்கியது. சாலையெல்லாம் வண்டி நெரிசல். பேருந்து வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த மாமியைப் பற்றி அவருடைய மகளின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வாஷிங்டனிலேயே மருத்துவமனைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். "இங்க ஆம்புலன்ஸ் கூப்பிட்டா பில்லு யார் கட்டறது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். மாமியிடம் கேட்டால் என்ன சொல்வார்? "எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம், தாங்கிக்கறேன்" என்றார். நம் ஊர்ப் பெரியவர்களிடம் வேறு எந்தப் பதிலை எதிர்பார்த்தீர்கள்? ஒருவருடைய துப்பட்டாவில் கையைத் தொட்டில்போலக் கட்டி, அந்த நான்கு மணி நேரமும் ஈரப் புடவையோடு, குளிர்பதனம் முழு வேகத்தில் ஓடிய பேருந்தில் அவர் உட்கார்ந்து வந்தார். ஓட்டுநரிடம் குளிரைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதே ஒரு பெரியவர்தான், அதுவும் பாதி வழிக்குப் பிறகு. இரவு மகள் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனபோது எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. விசிட்டர் இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை போக, அது சேராது, இது சேராது என்று தள்ளியது போக, கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று அந்தக் குடும்பம் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது. குழுவிலிருந்து ஒருவரும் அவர்களுக்குப் போன் செய்யவில்லை.

என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஈர ஷூவிலேயே அத்தனை நேரம் இருந்து காலில் கொப்புளம். அது ஆறிவிட்டது, அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

"இயற்கையை யாரால் தடுக்க முடியும்?" என்ற உங்கள் பதிலுக்கு வருகிறேன். வாஷிங்டனில் கோடை மதியம் இடி இடிப்பது எதிர்பாராத பேரிடர் இல்லை. காலையில் ஏறும் வெப்பமும் கடல் பக்கத்து ஈரமும் சேர்ந்து, மதியத்துக்கு மேல் மேகம் கட்டி, மாலைக்குள் கொட்டித் தீர்ப்பது அந்த ஊரின் வழக்கம். 555 அடி உயர நினைவுத்தூண் 1884இல் கட்டி முடிந்தது, அடுத்த ஆண்டு ஜூனிலேயே மின்னல் தாக்கி உச்சிப் பகுதிக் கல் ஒன்று பிளந்தது. பிறகுதான் இடிதாங்கிகளைக் கூட்டினார்கள். இன்றைக்கும் இடிமழை வந்தால் அதன் மேலே ஆட்களை ஏற்றுவதில்லை. 2012 ஜூன் 29 இரவு வீசிய சூறைக்காற்றில் அந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2019 ஜூலை 8 காலை ஒரே மணி நேரத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மழை கொட்டி, கார்களின் கூரைமேல் ஆட்கள் ஏறி நின்றார்கள். நினைவிடங்களும் அருங்காட்சியகங்களும் இருக்கும் நேஷனல் மால் புல்வெளியின் ஓரமாகப் போகும் கான்ஸ்டிடியூஷன் சாலை ஒரு காலத்தில் கால்வாய் ஓடிய பள்ளம், தண்ணீர் இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் வடிகிறது. 2006 ஜூனில் அங்கே வெள்ளம் புகுந்து தேசிய ஆவணக் காப்பகத்தையே மூடினார்கள். இயற்கையைத் தடுக்க வேண்டாம். நிரலை மாற்றினால் போதும்.

எப்படி மாற்றலாம் என்பதும் கடினமான கணக்கு இல்லை. லிங்கன், வியட்நாம், கொரியா, மார்ட்டின் லூதர் கிங் நினைவிடங்கள் எல்லாம் திறந்த வெளி, இருபத்து நான்கு மணி நேரமும் போகலாம். அந்த ஊரின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்களைப் பொதுவாகப் பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள். இடி வருவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல். அப்படியானால் காலையில் வெளியே, மதியத்தில் உள்ளே. நாம் செய்ததோ நேர் தலைகீழ். இதமான காலை நேரத்தைக் கூரைக்கு அடியில் கழித்துவிட்டு, புழுங்கி இடிக்கும் நேரத்துக்கு வெட்டவெளியில் போய் நின்றோம்.

மழை தொடங்கியதும் ஒருங்கிணைப்பாளரிடம், பேருந்து வந்ததும் ஏதாவது அருங்காட்சியகத்தில் இறக்கிவிடுங்கள், மூட இன்னும் நேரம் இருக்கிறது என்று கேட்டேன். "மியூசியம்தான் காலையிலேயே பார்த்தாச்சே" என்றார். வாஷிங்டனில் ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் இருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்!

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஹோப் வைரம் அங்கேதான் இருக்கிறது. 45 காரட்டுக்கு மேல், நீல நிறம். கோல்கொண்டாப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து பிரான்ஸ் அரசர் கைக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, 1958இல் சாதாரணப் பதிவுத் தபாலில் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையை நான் பேருந்தில் சொன்னபோது பின் இருக்கையிலிருந்த பாட்டிகள் எல்லாம் எழுந்து வந்து கேட்டார்கள். அதைப் பார்க்க ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்திருந்தால் ஊரில் ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம், அதற்கும் சீட்டு வேண்டாம். தேசிய ஓவியக் கூடத்தின் இரண்டு கட்டடங்களும் தரைக்கு அடியில் ஒரு நடைபாதையால் இணைந்திருக்கின்றன. ஒரு சொட்டு மழை படாமல் அரை நாள் அங்கேயே இருக்கலாம். உட்கார இருக்கை, சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டு. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியை ஸ்மித்சோனியனில் இலவசமாகவே தருகிறார்கள். பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான், விண்வெளி அருங்காட்சியகத்துக்கு நேரச்சீட்டு கிடைத்ததா என்பதை இல்லை.

ஆசியக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்மித்சோனியன் மெட்ரோ நிலையத்திலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும். அதன் ஃப்ரீர் பிரிவின் சேகரிப்பில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் செப்புத்திருமேனி ஒன்று இருக்கிறது. செம்பியன் மாதேவியை உமையாக வடித்தது என்று கருதப்படுவது. கண்டராதித்தரின் மனைவி, ராஜராஜனுக்குப் பாட்டி முறை, காவிரிக் கரையில் எத்தனையோ செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிக் கட்டியவர். என் அப்பா மன்னார்குடிப் பக்கத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அம்மையார் அங்கே இருக்கிறார். காலையில் பேருந்தில் ஏறும்போதே, "தம்பி, அந்தச் சிலை இருக்கற இடத்துக்கு ஒரு அரை மணி நேரம் போக முடியுமா?" என்று உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். "சிலையெல்லாம் நம்ம ஊர்லயே பாத்துக்கலாமே, அய்யா" என்று பதில். அப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். தமிழ்ச் சங்கம் நடத்தும் பயணத்தில், தமிழ் மண்ணிலிருந்து போன ஒரு சோழர் சிற்பத்தைப் பார்க்க நேரம் ஒதுக்க முடியவில்லை, பதாகையோடு படம் எடுக்க நேரம் இருந்தது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டே சும்மா செய்கிறோம், குறை சொல்ல மட்டும் வருகிறீர்கள்." பொங்கல் விழாவில் நானும் அண்டாவில் சாம்பார் கிளறியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வகுப்பெடுக்கிறேன். சும்மா செய்யும் வேலையின் கஷ்டம் எனக்கும் தெரியும். விழாவில் பாட்டுக் கச்சேரி சொதப்பினால் நானே கைதட்டிவிட்டுப் போவேன். ஆனால் பெற்றோரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவது வேறு. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகள் வேலையில் இருந்ததால் உங்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு அன்று நீங்கள்தான் பிள்ளைகள்.

இப்போது அந்தப் படிவம். நடந்ததற்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்காமல், அடுத்த தடவை எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்வது என்ன நியாயம்? படிவத்தில் வக்கீல் பாஷையில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி இல்லை.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலில், கை முறிந்த மாமியின் வீட்டுக்குத் தலைவரும் பயணக் குழுவும் நேரில் போக வேண்டும். ஜூலைப் பயணத்தில் வரவு செலவு போக மிச்சம் எவ்வளவு என்று பொதுவில் சொல்லுங்கள். அந்த மிச்சத்தை முழுவதும் அவர்களுடைய மருத்துவச் செலவுக்குக் கொடுங்கள். போதாவிட்டால் உறுப்பினர்களிடம் கேளுங்கள், முதல் ஆளாக நான் தருகிறேன்.

பொறுப்பில்லை என்ற படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். சட்டப்படி ஏதோ ஒன்று வேண்டும் என்று காப்பீட்டுக்காரர்கள் சொன்னால், அதிலேயே சங்கம் என்னென்ன செய்யும் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாம்.

ஒவ்வொரு பேருந்துக்கும் ஒருவரை வானிலையைக் கவனிக்க என்றே நியமித்து, அவர் பெயரை முன்கூட்டியே அறிவியுங்கள். அவர் சமையலையோ படத்தையோ பார்க்க வேண்டாம். இடி கேட்டதும் நிகழ்ச்சியை நிறுத்தி எல்லோரையும் உள்ளே அனுப்ப அவர் ஒருவர் சொன்னால் போதும், தலைவரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை என்று எழுத்தில் கொடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை யாரையும் வெளியே இறக்கக் கூடாது. கடும் இடிமழை முன்னறிவிப்பு இருக்கும் நாளில், ஒதுங்க மூடிய கட்டடம் பக்கத்தில் இல்லாத இடத்தில் எங்களை இறக்கிவிட்டுப் பேருந்து போகக் கூடாது. அது முடியாவிட்டால் அந்த இடத்தை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நிரலைத் திருப்பிப் போடுங்கள்: காலையில் நினைவிடங்கள், மதியத்துக்கு மேல் அருங்காட்சியகங்கள். மழை நாளுக்கென்று தனியாக ஒரு நிரல் தயார் செய்யுங்கள், அதில் ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கட்டும். அதை எழுதித்தர நான் தயார், என் அப்பா இன்னும் ஆவலாக உதவுவார். "மழையோ வெயிலோ" என்ற வரியை எடுத்துவிட்டு, முந்தின நாள் மாலை வானிலையைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடவோ பணத்தைத் திருப்பித் தரவோ ஒரு வழி வையுங்கள்.

வரும் ஒவ்வொரு பெரியவருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுங்கள். பிள்ளையின் போன் எண், சாப்பிடும் மருந்து, காப்பீட்டு எண் ஒரு பக்கம். கூட்டத்தில் தனியாகிவிட்டால் யாரை அழைப்பது, இடி இடித்தால் எங்கே போவது என்பது தமிழில் மறுபக்கம். அடிபட்டவரை எங்கே, எப்போது மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என்பதை அவருடைய பிள்ளையைப் போனில் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பில்லைப் பற்றிய கவலை அந்தக் குடும்பத்துடையது, உங்களுடையது இல்லை.

வாட்ஸ்அப் குழுவை மறுபடி எல்லோரும் எழுதும்படி திறந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் பயணத்துக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை என்று அறிவித்திருக்கிறீர்கள். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அதற்கு முன், புதன்கிழமைக்குள், குழுவிலேயே எழுதுங்கள். அதுவரை பணம் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். பதில் வராவிட்டால் என் பெற்றோரின் பெயரையும், என்னிடம் சொல்லியிருக்கும் மற்றக் குடும்பங்களின் பெற்றோர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் பயணக் குழுவை மாற்றி அமைக்கும் தீர்மானத்தை நாங்கள் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
ஜூலைப் பயணத்தில் வந்த ஓர் உறுப்பினர்